தப்புன்னு சொல்றதும், திரும்பி வான்னு சொல்றதும்

2021 ஆகஸ்ட். காபூல் விமான நிலையத்தில் ஓடும் விமானத்தின் பின்னால் ஜனங்கள் ஓடிய அந்தக் காட்சியை வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏன்டா, இருபது வருஷம் அங்க படையை வெச்சிருந்தாங்களே, அந்த ஊர்லயும் ஜனங்க ஓட்டுப் போடறவங்கதானே? வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலையா?"

சொன்னார்களா, சொல்லவில்லையா? எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்து விட்டு விட்டுப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. ஆப்கானிஸ்தானைப் புரிந்துகொள்ள முதலில் வியட்நாமுக்குப் போக வேண்டியிருந்தது. காரணம் எளிது. ஒரே கேள்வியை ஒரே வார்த்தைகளில் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே கேள்வி, ஆறு வருடம்

காலப் (Gallup என்று எழுதுவார்களே, அந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனம்) கேட்ட கேள்வியின் சாரம் இதுதான்: நாம் சண்டையில் இறங்கிய பிறகு நடந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று நினைக்கிறீர்களா?

1965 ஆகஸ்டில் "தவறு" என்றவர்கள் 24 சதவீதம். 1967 அக்டோபரில் அது 47 ஆனது. "தவறில்லை" என்றவர்களை அவர்கள் முதல்முறையாக முந்தியது அப்போதுதான். 1968 ஆகஸ்டில் 53, அதாவது பாதிக்கு மேல். 1971 மே மாதத்தில் 61.

இதைப் பார்த்தால் கதை நேராக இருக்கிற மாதிரி தெரியும். சாவு கூடக் கூட ஜனங்கள் மனம் மாறினார்கள், அரசு பணிந்தது, படை திரும்பியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு கணக்கை எழுதிப் பார்த்தபோதுதான் இடித்தது.

வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படையினர் மொத்தம் 58,220 பேர். இதில் 1969 ஜனவரிக்குப் பிறகு இறந்தவர்கள் மட்டும் 21 ஆயிரத்துக்கும் மேல். அதாவது, நாட்டில் பாதிப்பேருக்கு மேல் "இது தப்பு" என்று சொன்ன பிறகு, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான உயிர்கள் போயிருக்கின்றன.

அப்பா கேட்ட கேள்விக்கு இங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. ஜனங்கள் சொன்னார்கள். ஆனால் சொன்னது என்ன?

இரண்டு வேறு வாக்கியங்கள்

"போனது தப்பு" என்பது கடந்த காலத்தைப் பற்றிய தீர்ப்பு. "திரும்பி வா" என்பது இனி செய்ய வேண்டியதைப் பற்றிய முடிவு. ஒன்றைச் சொல்கிறவர் மற்றதையும் சொல்வார் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

நம்ம ஊரில் போர் போடுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அறுநூறு அடி போயாச்சு, புழுதிதான் வருது. பாயிண்ட் பார்த்தது தப்பு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் "நிறுத்துங்க" என்று வாய் வராது. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு அம்பது அடி" என்றுதான் வரும். நிறுத்தினால் அதுவரை போட்ட காசு போனது போனதுதான். தோண்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

1968 மார்ச் 12-ல் நியூ ஹாம்ஷயரில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். அது ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்குப்பதிவு. ஜனாதிபதி லிண்டன் ஜான்சனை எதிர்த்து, போர் வேண்டாம் என்று சொல்லி யூஜீன் மெக்கார்த்தி நின்றார். 42 சதவீதம் வாங்கினார். பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக அது பெரிய எண்ணிக்கை. அந்த மாதக் கடைசியிலேயே ஜான்சன் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். நாடு போரை நிராகரித்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள்.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மெக்கார்த்திக்கு ஓட்டுப் போட்டவர்களின் பதில்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜான்சனின் வியட்நாம் கொள்கை பிடிக்காமல் போட்டவர்களில், "படையைத் திருப்பு" என்றவர்களைவிட "இன்னும் பலமாக அடி" என்றவர்கள்தான் அதிகம். ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு!

காலப்பின் "தவறு" என்ற எண்ணிக்கையிலும் இதே கலவைதான். போனதே தப்பு என்பவர், போயும் முழு பலத்தோடு அடிக்காதது தப்பு என்பவர், இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்று, அர்த்தம் இரண்டு.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. போரை எதிர்த்தவர்கள் என்றால் நம் மனதில் வருவது நீள முடி வைத்த கல்லூரி மாணவர்கள். ஆனால் கணிப்புகளில் 30 வயதுக்குக் கீழே இருந்தவர்களைவிட, 50 தாண்டியவர்களிடம்தான் "தவறு" என்ற பதில் அதிகம். வீதியில் வந்த கூட்டமும் வீட்டுக்குள் இருந்த கருத்தும் வேறு வேறு ஆட்களுடையது.

ஆதரவு எதனால் குறைகிறது?

இதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து கிடையாது. மூன்று பதில்களைச் சொல்கிறேன்.

முதல் பதில் ஜான் முல்லருடையது. கொரியா, வியட்நாம் இரண்டையும் ஒப்பிட்டு 1973-ல் புத்தகமாக எழுதினார். சாவு எண்ணிக்கை பத்து மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் ஆதரவு சுமார் 15 புள்ளி குறைகிறது என்பது அவர் கண்டது. அதாவது நூறு ஆயிரம் ஆகும்போது விழுகிற அடியும், ஆயிரம் பத்தாயிரம் ஆகும்போது விழுகிற அடியும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் சாவுகள் உலுக்குகின்றன. பிறகு மனசு மரத்துப் போகிறது. படிக்கும்போது கொஞ்சம் பயமாக இருந்தது.

இரண்டாவது பதில் கெல்பி, ஃபீவர், ரைஃப்ளர் மூவருடையது. இராக் போரை வைத்து அவர்கள் சொன்னது: ஜனங்கள் சாவை மட்டும் எண்ணுவதில்லை, ஜெயிப்போமா என்று பார்க்கிறார்கள். ஜெயிப்போம் என்ற நம்பிக்கை இருக்கும் வரை இழப்பைத் தாங்குகிறார்கள்.

மூன்றாவது ஆடம் பெரின்ஸ்கி. அவர் அடிமடியிலேயே கை வைத்தார். இராக்கில் எத்தனை அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள் என்று கேட்டால் பலருக்குச் சரியான எண்ணிக்கை தெரியவில்லை. சரி, எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் கருத்து மாறுகிறதா? பெரிதாக மாறவில்லை. தங்கள் கட்சித் தலைவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்கிறார்.

எனக்கு மூன்றிலும் உண்மை இருக்கிறதாகத் தோன்றுகிறது. ஆனால் மூன்றுமே ஆதரவு எப்படிக் குறைகிறது என்பதைத்தான் விளக்குகின்றன. ஆதரவு குறைந்த பிறகும் போர் ஏன் நிற்கவில்லை என்பதற்கு வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

நிக்சன் கண்டுபிடித்த வழி

1969 ஏப்ரலில் வியட்நாமில் 5,43,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். அதுதான் உச்சம். அந்த வருடக் கடைசியில் சுமார் 4,75,000. 1970 கடைசியில் 3,35,000. 1971 கடைசியில் 1,57,000. 1972 கடைசியில் 24,000.

சாவும் கூடவே இறங்கியது. 1968-ல் மட்டும் 16,899. அடுத்த வருடம் 11,780. பிறகு 6,173, பிறகு 2,414.

ஒவ்வொரு கட்டத்திலும் ஜனங்களிடம் காட்ட ஒரு நல்ல செய்தி இருந்தது என்பதைக் கவனியுங்கள். "படை திரும்பிக்கொண்டுதானே இருக்கிறது!" கூடவே 1969 டிசம்பர் 1-ல் கட்டாய ராணுவ சேவைக்குப் பிறந்த தேதி வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். 366 தேதிகள். முதலில் வந்தது செப்டம்பர் 14. பின்னால் எண் வந்த பையன்களின் வீடுகளில் அன்று இரவே கவலை விட்டது. பிற்காலத்தில் எரிக்சன், ஸ்டோக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். முன்னால் எண் வந்தவர்களிடம் போர் எதிர்ப்பு அதிகம். அந்த வித்தியாசம் பல வருடங்களுக்குப் பிறகும் மறையவில்லை. கொள்கை வேறு, தன் வீட்டு வாசலுக்கு வருகிற கடிதம் வேறு.

இதற்கிடையே 1970 செப்டம்பரில், படைகளை முழுமையாகத் திரும்பப் பெறத் தேதி குறிக்கும் தீர்மானத்தை மெக்கவர்ன், ஹாட்ஃபீல்ட் இருவரும் செனட்டில் கொண்டுவந்தார்கள். 55-க்கு 39 என்று தோற்றது. நான்கே மாதத்தில், 1971 ஜனவரியில், இந்த வருடக் கடைசிக்குள் எல்லாரையும் கூட்டி வரலாமா என்று காலப் கேட்டபோது 73 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். அப்போதாவது "தவறு" என்பது "திரும்பி வா" ஆகிவிட்டது என்று தோன்றும்.

1972 தேர்தலில் அதே மெக்கவர்ன், "வீட்டுக்குத் திரும்பு" என்பதையே முழக்கமாக வைத்து நின்றார். 50 மாநிலங்களில் 49-ல் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதற்குள் படையில் பெரும்பகுதி ஊருக்கு வந்துவிட்டது. முழக்கத்தில் இருந்த சூட்டை நிக்சன் நான்கு வருடமாகத் தவணை முறையில் ஆற்றிவிட்டார்.

மறுபடி காபூல்

இப்போது ஆப்கானிஸ்தான் கணக்கு புரிகிறது. 2001 நவம்பரில் படை அனுப்பியது தவறு என்றவர்கள் 9 சதவீதம்தான். 2014 பிப்ரவரியில் அது 49 ஆகி, "தவறில்லை" என்ற 48-ஐ ஒரு புள்ளியில் தாண்டியது. அதன் பிறகும் ஏழு வருடம் படை அங்கே இருந்தது. கட்டாய சேவை கிடையாது, குலுக்கல் கிடையாது. 2015-லிருந்து வருடத்துக்கு இறந்த அமெரிக்கப் படையினர் முப்பதைத் தொடவில்லை. தப்பு என்று நினைத்தவர்களுக்கும் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

கடைசியில் திரும்பியபோது என்ன ஆனது? காபூல் விழுந்த அந்த மாதக் கடைசியில் பியூ நிறுவனம் கேட்டபோது, 54 சதவீதம் பேர் வெளியேறியது சரி என்றார்கள், 42 சதவீதம் பேர் தவறு என்றார்கள். பெரும்பான்மை பைடன் பக்கம்தான். ஆனாலும் அவருடைய செல்வாக்கு அந்த வாரங்களில் சரிந்தது. ஜனங்கள் கேட்டதைத்தான் செய்தார், அடி அவருக்குத்தான் விழுந்தது.

தங்கியிருப்பவர் விலையைச் சில்லறையாகக் கொடுக்கிறார், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் பையிலிருந்து. கிளம்புகிறவர் ஒரே நாளில் மொத்தமாக, தன் பெயரில் கொடுக்கிறார். அடுத்த ஆட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்கு ஜனாதிபதிகள் காலம் வரை ஓடியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஒன்றை மட்டும் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. மேலே இருக்கிற சதவீதம் எல்லாமே அமெரிக்கர்களிடம் கேட்டது. போரில் இறந்த வியட்நாமியப் பொதுமக்கள் சுமார் 20 லட்சம் பேர் என்று அந்நாட்டு அரசு 1995-ல் அறிவித்தது. முல்லரின் கோட்டில் அவர்கள் ஒரு புள்ளியைக்கூட அசைக்கவில்லை. யார் ஊரில் குண்டு விழுந்ததோ அவர்கள் இந்தக் கணிப்பில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் போன வாரம் அப்பாவிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப, சொல்லாம இல்ல. சொன்னவங்க வீட்டுப் பிள்ளை அங்க இல்ல. அவ்வளவுதானே?" என்றார்.

நான் மூன்று வருடம் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். முழுசா சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.