பனியன் ஏற்றிய பெட்டியில் குடும்பம் ஏறலாமா?

திருப்பூரில் அவிநாசி சாலையிலோ பல்லடம் சாலையிலோ எந்த நேரம் நின்றாலும் தகரக் கூண்டு அடைத்த ஒரு சரக்கு வண்டி நம்மைக் கடந்து போகும். நிட்டிங்கில் ஓடிய துணி டையிங்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று ஊருக்குள்ளேயே பல வாசல் ஏறி இறங்கித்தான் ஒரு பனியன் அட்டைப்பெட்டிக்குள் அடங்குகிறது. வழியில் மழையோ கிரீஸ் கறையோ பட்டால் வேலை அத்தனையும் வீண். அதனால் குட்டியானை தொடங்கி 14 அடி, 17 அடி எய்ச்சர் வரைக்கும் இங்கே கன்டெய்னர் பாடிக்குத்தான் மவுசு.

இதே வண்டிகள் விசேஷ நாட்களில் வேறு கோலம் பூணும். வெள்ளகோவில் பக்கமோ தாராபுரம் பக்கமோ இருக்கும் குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற குடும்பம், சரக்கு ஏற்றும் தரையில் ஜமக்காளத்தை விரிக்கும். அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை ஒரு ஓரம். அப்புச்சி, அமுச்சி, பேரன் பேத்திகள் எல்லாம் மறு ஓரம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இருக்காது. சரக்கு வண்டியில் இப்படி ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணமும் நிச்சயமில்லை: சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் ஏறுகிறார்கள். சொந்தபந்தத்தோடு ஒரே வண்டியில் போக வேண்டும், போன இடத்தில் சமைத்துச் சாப்பிட வேண்டும், அலுப்பாக இருந்தால் அங்கேயே படுத்து எழுந்து வர வேண்டும். நியாயமான ஆசைதான். அந்த ஆசைக்கு ஏற்ற, பாதுகாப்பான வண்டியை நம் பட்டறைகளாலேயே செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகின்றன. கம்பெனியில் செய்து வரும் கேம்பர் விலை கட்டுப்படியாகாது என்பவர்கள், சரக்கு ஏற்றும் மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கி, சுவருக்குள் வெப்பத் தடுப்பு வைத்து, ஜன்னல் வெட்டி, அடுக்குக் கட்டிலும் சின்னச் சமையல் மேடையும் போட்டுக்கொள்கிறார்கள். அதில் நாம் கவனிக்க வேண்டியது கட்டிலையும் மேடையையும் விட இன்னொன்று. வண்டி ஓடும்போது குடும்பம் முன்னால் இழுக்கும் காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பெட்டி, நிறுத்திய பிறகு படுப்பதற்கு. உட்காரும் இடம் வேறு, படுக்கும் இடம் வேறு என்ற இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தச்சு வேலையும் ஒயரிங் வேலையும்தான்.

நம் ஊரில் டிரெய்லர் என்றால் டிராக்டர் பின்னால் வருவது. காருக்குப் பின்னால் பெட்டி கட்டி இழுக்கும் பழக்கம் இல்லை. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி இழுத்துப் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சரக்குத் தட்டு என்று ஒரே சேசிஸில் வரும் டபுள் கேப் வண்டிகள் நம் சாலைகளுக்குப் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்தோடு மஹிந்திரா 2022-ல் ஒப்பந்தம் போட்டபோது தேர்ந்தெடுத்ததும் அப்படி ஒரு வண்டியைத்தான்: பொலேரோ கேம்பர் கோல்டு. நான்கு பேர் படுக்க இடம், சமையல் மேடை, பயோ டாய்லெட் எல்லாம் பின்பக்கப் பெட்டிக்குள். கேரவன் என்றாலே சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கும் வண்டி என்று நினைத்துவந்த நமக்கு, அது ஒரு குடும்ப வண்டியாகவும் ஆகலாம் என்று காட்டிய முயற்சி.

இனி பெட்டிக்குள் போவோம்.

முதல் எதிரி வெயில். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குச் சரக்கு இறக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். கன்டெய்னருக்குள் கால் வைத்ததுமே சட்டை நனைந்துவிடும் என்பார்கள். வெறும் தகரமோ அலுமினியத் தகடோ வெப்பத்தை அப்படியே உள்ளே விடும். அதற்கு உள்பக்கமாகத் தடுப்பு வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு உடனே ஒரு யோசனை வரும்: கட்டிங் வேஸ்ட்தான் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே, அதையே சுவருக்குள் திணித்தால் என்ன? வேண்டாம். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு இரவு நான்கு பேர் மூடிய பெட்டிக்குள் படுத்தால், அவர்கள் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் நீர்த்துளியாகப் படியும். அந்த ஈரம் வேஸ்டில் இறங்கினால் சில வாரங்களில் பூஞ்சணம், நாற்றம், தகரத்தில் துரு. ஒயரில் பொறி கிளம்பினால் பருத்தி நின்று எரியும். குளிர்சாதன அறைகளுக்குப் போடும் பஃப் பேனல் போல, ஈரம் குடிக்காத, தீ பரவாத வகையைக் கேட்டு வாங்குவதே சரி. கட்டிங் வேஸ்ட், வண்டி துடைக்கப் போதும்.

தடுப்பின் தடிமனையும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். 14 அடி கூண்டின் உள் அகலம் ஆறடியை ஒட்டி இருக்கும். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் தடுப்பும் பிளைவுட்டும் வைத்தால் ஐந்தடி எட்டு அங்குலம்தான் மிச்சம். குறுக்காகக் கட்டில் போட்டால் உயரமான ஆள் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அதனால் பெரியவர்களுக்கு நீளவாக்கில் ஒரு கட்டில், பிள்ளைகளுக்குக் குறுக்காக மேல் அடுக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. குட்டியானையின் தட்டோ ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். அதில் இருவர் படுக்கலாம், நால்வர் முடியாது.

எடை, கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். 19 மில்லிமீட்டர் தடிமனில் எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஒன்று 35 கிலோவுக்கு மேல் வரும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். முக்கால் டன் தாங்கும் சின்ன வண்டியில் இதையெல்லாம் வைத்து ஆளும் ஏறினால் மலை இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போதுதான் கணக்கு புரியும். மரத்துக்குப் பதில் அலுமினிய சட்டம், 12 மில்லிமீட்டர் பலகை, லித்தியம் பேட்டரி என்று போனால் செலவு கூடும், எடை பாதியாகும். கனமான தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் தரையை ஒட்டி, அச்சுக்கு அருகே, இரண்டு பக்கமும் சமமாக வைக்க வேண்டும். மேலே கேரியர் கட்டிச் சாமான் ஏற்றுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 1,200 வாட் அவர் தரும், அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு இரவு பத்து மணி நேரம் ஓடினால் 600 போகும். விளக்குக்கும் செல்போனுக்கும் தாராளமாக மிச்சம் இருக்கும். அதே பேட்டரியில் ஒரு டன் ஏ.சி. போட்டால் ஒரு மணி நேரம் சுமாருக்குத்தான் தாங்கும். ஏ.சி. வேண்டும் என்றதும் ஜெனரேட்டர் வருகிறது. ஆபத்தும் அங்கேதான் வருகிறது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்குகிறவருக்கு எழுந்திருக்க வாய்ப்பே கிடைக்காது. ஆகவே பெட்டிக்குள் ஆள் தூங்கும்போது ஜெனரேட்டரும் ஓடக் கூடாது, இன்ஜினும் ஓடக் கூடாது. கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காயக் கூடாது. தரை மட்டத்தில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாக, மூடவே முடியாத இரண்டு காற்றுத் துவாரங்கள் வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். கீழ்த் துவாரம் அதற்காகவும்தான். சிலிண்டரை வெளியில் திறக்கும் தனி அறையில் வைப்பது உத்தமம். கார்பன் மோனாக்சைடு அலாரம் கையடக்கமாகக் கிடைக்கிறது. மெத்தைக்கு உறை தைக்கும் முன் அதை வாங்குங்கள். அடைத்த கூண்டுக்கு ஒரே கதவு, அதுவும் வெளியிலிருந்து பூட்டுவது. உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளும், ஆள் வெளியேறும் அளவுக்கு இன்னொரு வழியும் இல்லாத பெட்டியில் பிள்ளைகளைப் படுக்க வைக்கவே கூடாது.

கழிவறை இல்லாமல் பெண்களுக்குப் பயணமே பாதி வேதனை. எடுத்துக் கழுவக்கூடிய சிறிய டாய்லெட் பெட்டியாவது இருக்கட்டும். அதையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் எங்கே கொட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட ஊர் இது. அமராவதி அணை ஓரத்திலும் திருமூர்த்தி மலை அடிவாரத்திலும் வண்டியை நிறுத்திக் கழிவைத் திறந்துவிட நமக்கு மனசு வரக் கூடாது. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகிறவர்கள் யானை நடமாடும் அந்தக் காட்டுச் சாலையில் இரவு தங்க நினைக்கவே வேண்டாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். பலரும் கடைசியில் விசாரித்து மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய கன்டெய்னர் வண்டியை மலிவாக வாங்கி, பட்டறையில் விட்டு ஜன்னல் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி.க்குப் போகும் நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று கெஞ்சிப் பயனில்லை.

நேரான வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், கேம்பர் டிரெய்லர் ஆகியவற்றை மத்திய அரசின் 2004 அறிவிக்கை வணிகமல்லாத வாகன வகையில் சேர்த்திருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. வண்டியைச் சோதித்துச் சான்று தர, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே மத்திய அரசின் சோதனை மையம் இயங்குகிறது. ஆகவே புது சேசிஸ் வாங்கி, அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் கட்டி, முதல் பதிவிலேயே ஆர்.சி.யில் கேம்பர் வேன் என்று ஏற்றுவதுதான் நிம்மதி. செலவு அதிகம் என்பதை மறுக்கவில்லை. தனி ஒரு குடும்பம் ஒரே ஒரு வண்டிக்குச் சோதனைச் செலவைத் தாங்க முடியாது.

அதைத் தாங்கக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி பாடியும் போர்வெல் வண்டியும் கட்டுகிறார்கள். மெத்தை உறை, திரை, கொசுவலை தைக்கத் திருப்பூரை விட்டால் ஆள் ஏது? கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் பேசப்படுகிறது. பாடி பில்டர்கள் சங்கமாகக் கூடி, டபுள் கேப் வண்டிக்கு ஒன்று, 14 அடி வண்டிக்கு ஒன்று என்று இரண்டே இரண்டு மாதிரிகளுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால், செலவு பல வண்டிகளுக்குப் பிரிந்து ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும். அரசு அந்தச் சோதனைக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்க வேண்டும்.

அதுவரைக்கும், கூண்டு வண்டியைக் கேம்பராக்க ஆசைப்படுகிறவர்கள் பிளைவுட் கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். குலதெய்வம் கோயிலுக்கு இந்த வருஷமும் போக வேண்டும் என்றால், நாலு வீடு சேர்ந்து இருக்கையுள்ள வேன் ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள். அண்டாவும் அடுப்பும் சரக்கு வண்டியில் பின்னால் வரட்டும்.