கல்நார் நோயில் இறந்தவரின் குடும்பத்துக்கு என்னென்ன நஷ்டஈடு? பிரிட்டன் சட்டம் தரும் விளக்கம்

'ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்' என்றால் நம் ஊர்களில் தெரியாதவர்கள் இல்லை. மாட்டுக் கொட்டகை முதல் மாடி அறை வரை அதைப் போட்டிருக்கிறோம். அந்த ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருக்கும் கனிம நார்தான் கல்நார். அதை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டாஸிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை அதன் விளைவுகள்.

இந்த நோய்கள் உடனே வருவதில்லை. மீசோதீலியோமா பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படுகிறது. அதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டிருக்கும், முதலாளி மாறியிருப்பார், தொழிலாளியும் ஓய்வு பெற்றிருப்பார். நோய் தெரிந்த பிறகு பலர் அதிக காலம் உயிரோடு இருப்பதும் இல்லை. ஆகவே வழக்கின் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அந்தக் குடும்பத்துக்கு எதை எதைக் கேட்கும் உரிமை இருக்கிறது? இதை மிக விரிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கும் நாடுகளில் ஒன்று பிரிட்டன். நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே உறவுகள் இருப்பதால் இதை அறிந்துகொள்வது பயன் தரும்.

ஒன்றும் கிடைக்காத குடும்பம்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு கல்நார் ஆலையில் நூல் நூற்றவர் நெல்லி கெர்ஷா. மூச்சுத் திணறல் முற்றி 1924 மார்ச் மாதம் 33 வயதில் இறந்தார். நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் வில்லியம் குக் கண்டறிந்து மருத்துவ இதழில் எழுதினார். கல்நார்தான் காரணம் என்று மருத்துவ ரீதியாகப் பதிவான முதல் மரணங்களில் ஒன்று அது. ஆனால் ஆலை நிர்வாகம் பொறுப்பை ஏற்கவில்லை. கொடுத்தால் முன்னுதாரணமாகிவிடும் என்று சொல்லி அடக்கச் செலவுக்குக்கூடப் பணம் தர மறுத்துவிட்டது. கணவரும் சிறு பிள்ளையும் வெறுங்கையோடு நின்றார்கள்.

அந்த நிலையிலிருந்து இன்றைய நிலைக்குச் சட்டம் படிப்படியாக வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் இப்போது குடும்பத்தின் கோரிக்கை இரண்டு சட்டங்களின் கீழ் வருகிறது. இரண்டும் வேறு வேறு என்பதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதல் வகை: இறந்தவருக்குச் சேர வேண்டியது

1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்தவர் உயிரோடு இருந்தால் எதைக் கேட்டிருப்பாரோ அந்த உரிமை அவருடைய சொத்தின் ஒரு பகுதியாகத் தொடர்கிறது. இதில் அடங்குபவை:

நோய் தொடங்கியது முதல் இறப்பு வரை அவர் பட்ட வலிக்கும் வேதனைக்குமான தொகை.

வேலைக்குப் போக முடியாமல் இறக்கும் வரை இழந்த சம்பளம்.

மருந்து, மருத்துவமனைப் பயணம், படுக்கை, சக்கர நாற்காலி போன்ற செலவுகள்.

வீட்டார் செய்த பணிவிடையின் மதிப்பு. மனைவியோ மகளோ இரவும் பகலும் பார்த்துக்கொண்டதற்குச் சம்பளம் வாங்கவில்லை என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று நீதிமன்றம் சொல்வதில்லை. அந்தப் பணம் பணிவிடை செய்தவருக்கே சேர வேண்டியது என்றும் 1994-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இரண்டாம் வகை: குடும்பம் இழந்தது

1976-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் குடும்பத்தாருக்கு அவர்களுடைய சொந்த உரிமையைத் தருகிறது. பெயரில் 'விபத்து' என்று இருந்தாலும் பிறர் தவறால் வந்த நோய் மரணமும் இதில் அடங்கும்.

வருமான இழப்பு: இறந்தவரின் வருமானத்தில் குடும்பத்துக்குச் சென்ற பங்கு. கணவர் மட்டும் சம்பாதித்த வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பொதுவாக முக்கால் பங்கையும், கணவன் மனைவி மட்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கையும் கணக்கில் எடுப்பார்கள். உதாரணத்துக்கு, மாதம் 2,000 பவுண்டு சம்பாதித்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் மாதம் 1,500 பவுண்டு இழப்பு என்று தொடங்கி எத்தனை ஆண்டுகளுக்கு என்று கணக்கிடுவார்கள்.

உழைப்பு இழப்பு: சம்பாதிக்காத தாய் இறந்தாலும் வீட்டுக்கு இழப்புதான். சமையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு மதிப்புப் போட்டுக் கேட்கலாம்.

துயரத் தொகை: இது சட்டமே நிர்ணயித்த ஒரே தொகை. 2020 மே முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு 15,120 பவுண்டு. ஆனால் இது கணவன் அல்லது மனைவிக்கும், இறப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளாவது ஒரே வீட்டில் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்த துணைக்கும், மணமாகாத சிறுவர் இறந்தால் பெற்றோருக்கும்தான். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பில் எதுவும் கிடையாது.

அடக்கச் செலவு: நெல்லியின் குடும்பத்துக்கு மறுக்கப்பட்ட அந்தத் தொகை இன்று சட்டப்படியான உரிமை.

இந்தக் கணக்கில் விதவைக்குச் சாதகமான இரண்டு விதிகள் உண்டு. கணவர் இறந்ததால் வந்த காப்பீட்டுத் தொகையையோ ஓய்வூதியத்தையோ காட்டி நஷ்டஈட்டைக் குறைக்கக் கூடாது. அவர் மறுமணம் செய்துகொண்டார் அல்லது செய்துகொள்வார் என்று சொல்லியும் குறைக்கக் கூடாது.

கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்பதிலும் பல ஆண்டுகள் அநீதி இருந்தது. சிறைச்சாலை ஒன்றில் அலுவலகப் பணி செய்த ஒரு பெண் மீசோதீலியோமாவால் இறந்தார். கணவர் தொடுத்த அந்த 'நாவர்' வழக்கில், வருங்கால இழப்பை இறந்த நாளிலிருந்து அல்ல, விசாரணை நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய முறை குடும்பங்களுக்குக் குறைவான தொகையையே தந்து வந்தது.

யாரெல்லாம் கேட்கலாம்?

மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோர், பாட்டன் பாட்டி, சகோதர சகோதரிகள் எனப் பட்டியல் நீளமானது. ஆனால் வருமான இழப்பைக் கேட்க இறந்தவரின் ஆதரவில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பிரிட்டனில்தான் வசிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஊரில் இருக்கும் தாய்க்கு மாதாமாதம் மகன் பணம் அனுப்பியிருந்தால் அந்த வங்கிச் சீட்டுகள் ஆதாரம்.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நிக்காஹ் மட்டும் செய்து, சட்டப்படி பதிவு செய்யாமல் விட்டால் அந்த நாட்டுச் சட்டம் அதைத் திருமணமாக ஏற்பதில்லை. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட பெண், இறப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளாவது அவரோடு ஒரே வீட்டில் மனைவியாக வாழ்ந்ததை நிரூபித்தால்தான் கேட்க முடியும். இந்தியாவில் செல்லுபடியாகும் வகையில் நடந்த நிக்காஹுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கும் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டு நகல் கையில் இருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதா, இறந்த பிறகா?

நோயாளியே வழக்கு தொடுத்தால், நோயால் குறைந்துபோன ஆயுளில் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தையும் அவர் கேட்கலாம். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து மீசோதீலியோமா வந்த பிக்கெட் என்பவரின் வழக்கில் 1978-ல் பிரபுக்கள் சபை இதை ஏற்றது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நோயாளி முழுத் தொகையையும் வாங்கி வழக்கை முடித்துவிட்டால், அவர் இறந்த பிறகு குடும்பம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்க முடியாது. இளம் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனால் பெரும் இழப்பு வரலாம். இறக்கும் தறுவாயில் இருப்பவர் 'கையில் வருவதை வாங்குவதா, குடும்பத்துக்கு விட்டுவைப்பதா' என்று தவிக்க வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து 2007-ல் ஒரு சட்டம் இயற்றி இந்தத் தவிப்பை நீக்கியது. அங்கே மீசோதீலியோமா நோயாளி தன் பங்கை வாங்கிக்கொண்டாலும் உறவினர்களின் உரிமை நிற்கும். இங்கிலாந்தில் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பல முதலாளிகள், மூடிய ஆலைகள்

பல இடங்களில் வேலை செய்தவருக்கு எந்த இடத்துத் தூசு நோயைத் தந்தது என்று மருத்துவத்தால் சொல்ல முடியாது. அதைக் காட்டி ஒவ்வொரு நிறுவனமும் கை கழுவியது. 2002-ல் 'ஃபேர்சைல்ட்' வழக்கில் பிரபுக்கள் சபை அந்த வழியை அடைத்தது. அபாயத்தைக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பாளியே. மீசோதீலியோமாவுக்கு அவர்களில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது.

முதலாளியும் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் கிடைக்காவிட்டால், 2012 ஜூலை 25 அல்லது அதற்குப் பிறகு மீசோதீலியோமா கண்டறியப்பட்டவர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நிதித் திட்டம் உண்டு. நோயாளி இறந்துவிட்டால் அவரை நம்பியிருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் காலக்கெடு இருக்கிறது. நோயும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகள். அதற்குள் அவர் இறந்துவிட்டால் இறந்த நாளிலிருந்து, அல்லது காரணம் குடும்பத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்.

இந்தியாவில்

நம் நாட்டில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்நார் பாதிப்பு உறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வழங்கவும், தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலை முடிந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கவும் உத்தரவிட்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் ஆஸ்பெஸ்டாஸிஸைத் தொழில் நோயாக ஏற்றிருந்தது. அந்தச் சட்டப்படியான மரண இழப்பீடு சம்பளத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்பட்டது.

பணம் வந்த பிறகு

முதல் வகைப் பணம் இறந்தவரின் சொத்து. கடன் அடைத்து, வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறைவேற்றி, மீதியை வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. இரண்டாம் வகைப் பணத்தை இன்னாருக்கு இவ்வளவு என்று நீதிமன்றமே பிரித்துத் தருகிறது. அதை ஒன்றாகக் கலந்து, குடும்பத்தில் மூத்தவர் என்ற பெயரில் ஒருவர் வைத்துக்கொள்வது கூடாது. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பதைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பது நாம் அறிந்ததே. பங்கீட்டில் சந்தேகம் வந்தால் விவரங்களோடு ஓர் ஆலிமை அணுகுங்கள்.

நோயாளி பேச முடிகிற நாளிலேயே சில விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் எங்கே வேலை செய்தார், என்ன வேலை, உடன் இருந்தவர்கள் யார், நோய் எப்போது தெரிந்தது, வீட்டில் யார் எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டார்கள் என்பன தெரிய வேண்டும். சம்பளச் சீட்டு, நிக்காஹ் பதிவு, பணம் அனுப்பிய ரசீது, மருத்துவ அறிக்கை நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். அவர் போன பிறகு இவற்றைச் சொல்ல வேறு ஆள் இருக்காது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அல்லாஹ் நீதியையும் பொறுமையையும் தருவானாக.