ஷின்கீத்: சிறு பணத்தில் ஒரு பாலைவனப் பயணம்



"வெளிநாடு" என்று சொன்னால் நம் வீடுகளில் அதற்கு இரண்டே அர்த்தங்கள்தான். ஒன்று, ஹஜ், உம்ராவுக்காகப் போகும் மக்கா, மதீனா. மற்றது, உழைப்புக்காகப் போகும் வளைகுடா நாடுகள். இவை இரண்டிலும் சேராத ஒரு நாட்டுக்கு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஒரு மத்ரஸா உஸ்தாத் புறப்பட்டால் ஊர் என்ன சொல்லும்? "மௌலவிக்கு மூளை குழம்பிவிட்டதா?" என்றுதான் கேட்கும். என்னையும் கேட்டார்கள்.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றோரின் நிலையைப் பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அதை ஓதுகிறோம், பிள்ளைகளுக்குப் பொருளும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படிப் பார்த்திருக்கிறோம்?

நான் அரபுக் கல்லூரியில் படித்த காலத்தில், தஃப்ஸீர் பாடத்தில் எங்கள் உஸ்தாத் அடிக்கடி எடுத்துக் காட்டும் ஒரு நூல் 'அழ்வாஉல் பயான்'. அதை எழுதிய முஹம்மத் அல்அமீன் அஷ்ஷின்கீத்தி அவர்கள் 1907ல் மேற்கு ஆபிரிக்காவின் பாலைவனத்தில் பிறந்தவர். ஹஜ்ஜுக்கென்று தரைவழியாகப் புறப்பட்டு, பின்னர் மதீனாவில் தங்கிப் பாடம் நடத்தி, 1974ல் மக்காவில் வபாத்தானவர். "ஷின்கீத் எங்கே இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "மேற்கே, மணலுக்குள்ளே" என்றார் உஸ்தாத். அந்த ஒரு வார்த்தை இருபத்தைந்து வருடமாக மனதில் கிடந்தது.

போக வேண்டும் என்ற ஆசை இருந்தது, பணம்தான் இல்லை. கடைசியில் என் மனைவிதான் வழி செய்தார். சமையலறைக் கூரையைத் திருத்துவதற்கென்று கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்து என் கையில் தந்தார். "போய்ட்டு வாங்க. ஆனா திரும்பி வந்து ஒவ்வொரு சல்லிக்கும் கணக்குச் சொல்லணும்" என்றார். இந்தக் கட்டுரையும் ஒரு விதத்தில் அந்தக் கணக்குத்தான்.

ஷின்கீத் இருப்பது மௌரித்தானியா நாட்டில். ஒரு பக்கம் அத்லாந்திக் சமுத்திரம், மறுபக்கம் சஹாரா. நமது இலங்கையைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பளவு. ஆனால் சனத்தொகையோ சுமார் 50 இலட்சம்தான். 1960 நவம்பர் 28ல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்றது. அரபுதான் அரச மொழி. பேச்சில் 'ஹஸ்ஸானிய்யா' என்ற வட்டார அரபு வழங்குகிறது. தெற்கே புலார், சோனின்கே, வொலொஃப் மொழி பேசும் கறுப்பின மக்கள் வாழ்கிறார்கள். எல்லோரும் முஸ்லிம்கள். அப்படியிருந்தும் நம்மில் பலர் இந்த நாட்டின் பெயரைக்கூடக் கேட்டதில்லை!

செலவைக் குறைக்க நான் செய்தவற்றைச் சொல்கிறேன். நம் நாட்டிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்பூல் அல்லது கஸப்லங்கா வழியாகத் தலைநகர் நுவாக்சூத்துக்குப் போகலாம். 2025 முதல் விசாவுக்கு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நவம்பர் முதல் பெப்ரவரி வரையே போகத்தக்க காலம். கோடையில் வெயில் 45 பாகையையும் தாண்டும். நான் ஜனவரியில் போனேன். பகலில் இதமான வெயில். இரவில் பல் கிட்டும் குளிர். ஒரு கம்பளிப் போர்வை கொண்டு போனது அல்லாஹ்வின் உதவி. தலைநகருக்கு வெளியே வங்கி இயந்திரங்களை நம்பிப் போகக் கூடாது. கையில் யூரோ பணம் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பணம் 'ஊகிய்யா'. 2018ல் பழைய பத்தை ஒன்றாக மாற்றினார்கள். ஆனாலும் கடைக்காரர்கள் பலர் இன்றும் பழைய கணக்கிலேயே விலை சொல்கிறார்கள். "பழையதா, புதியதா?" என்று கேட்காமல் பணம் எடுத்தால் பத்து மடங்கு கொடுக்க நேரிடும்!

நம் ஊரைப் போலப் பரவலான பஸ் சேவை அங்கே இல்லை. பழைய மேர்சிடிஸ் கார்களும் சிறு வேன்களும், ஆட்கள் நிறைந்த பிறகுதான் புறப்படும். காரில் சாரதிக்குப் பக்கத்தில் இருவர், பின்னால் நால்வர். முன் இருக்கை முழுவதும் வேண்டுமென்றால் இரண்டு பேருக்கான காசு கொடுக்க வேண்டும். நான் நால்வரில் ஒருவனாக நெருக்கிக்கொண்டே போனேன். வழியெங்கும் காவல் சாவடிகள். ஒவ்வொன்றிலும் வெளிநாட்டவரின் விபரத்தைக் கேட்பார்கள். கடவுச்சீட்டின் முப்பது போட்டோ கொப்பிகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததால் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை நீட்டினேன், வேலை முடிந்தது. மாலி நாட்டு எல்லைப் பக்கம் ஆபத்தானது. அங்கே போகவே கூடாது.

நுவாக்சூத்திலிருந்து அத்தார் நகருக்கு 400 கிலோமீற்றருக்கும் மேல். வழியில் அஸர் வேளையில் கார் நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இல்லை. குடிநீரை வுழூவுக்குச் செலவிட யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து அதில் கையை வைத்துத் தயம்மும் செய்தார்கள். மாலிக்கி மத்ஹபில் கல்லிலும் அது கூடும். நமது ஷாபிஈ மத்ஹபில் புழுதி மண் வேண்டுமல்லவா? நான் நல்ல புழுதியைத் தேடி அங்குமிங்கும் நடந்தேன். சாரதி சிரித்துக்கொண்டே, "சஹாராவில் மண் தேடி அலையும் முதல் மனிதர் நீங்கள்தான்" என்றார்.

தொழுகையில் அவர்கள் கைகளைக் கட்டாமல் தொங்க விட்டிருந்தார்கள். ஓதியது வர்ஷ் கிராஅத். நான் கைகட்டி நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரும் பத்வா கேட்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் இதைவிடச் சிறிய விஷயங்களுக்கு எத்தனை சண்டைகள் நடந்தன என்பதை எண்ணி வெட்கப்பட்டேன்.

சகோதரிகளே, அந்நாட்டுப் பெண்களைப் பற்றி அறிய ஆவலாக இருப்பீர்கள். அவர்கள் உடுத்துவது 'மெல்ஹஃபா'. நமது சாரியைப் போன்ற ஒரே நீளத் துணி. தலையையும் சேர்த்துச் சுற்றிக் கொள்கிறார்கள். சந்தையில் கடை வைத்து வியாபாரம் செய்பவர்களில் பெண்கள் ஏராளம். மூர் இனத்தாரிடையே தலாக்கான பெண்ணை யாரும் தாழ்வாகப் பார்ப்பதில்லை. மறுமணம் சாதாரணமாக நடக்கிறது. நம் சமூகம் இதில் பாடம் படிக்க வேண்டும். அதே வேளை, பெண்பிள்ளைகள் பருத்திருப்பதே அழகு என்று கருதி, சிறுமிகளுக்கு வலுக்கட்டாயமாகப் பாலைப் புகட்டும் கொடிய வழக்கமும் அங்கே இருந்து வந்தது. இப்போது குறைந்து வருகிறது. அடிமை முறை 1981ல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 2007ல்தான் அது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அடிமைப் பரம்பரையில் வந்த ஹராத்தீன் மக்கள் பலர் இன்றும் வறுமையில் வாடுகிறார்கள். எந்த முஸ்லிம் நாட்டையும் குறையே இல்லாத சுவனம் என்று சொல்லிவிட முடியாது.

போகும் இடமெல்லாம் தேநீர். மூன்று கிளாஸ் குடிக்காமல் எழும்ப முடியாது. சீனத்துப் பச்சைத் தேயிலை, நஃனா இலை, சீனி. உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி நுரை வரவைக்கிறார்கள். முதலாவது கசப்பு, பின்னர் வருவது இனிப்பு. இதற்கே ஒரு மணித்தியாலம் ஆகும். தேயிலை விளையும் நாட்டிலிருந்து வந்த நான், தேநீர் குடிக்கும் பொறுமையை அங்கேதான் கற்றேன்.

அத்தாரிலிருந்து மலைக் கணவாயைக் கடந்து சுமார் 80 கிலோமீற்றரில் ஷின்கீத். ஒட்டகக் கூட்டங்கள் உப்பும் பேரீச்சையும் சுமந்து போன காலத்தில் ஓங்கியிருந்த ஊர். ஹாஜிகள் இங்கே ஒன்றுகூடிப் புறப்படுவார்களாம். அதனால்தான் கிழக்கத்திய அரபிகள் அந்நாடு முழுவதையுமே 'ஷின்கீத் தேசம்' என்றார்கள். அதன் பழைய பள்ளிவாசலின் சதுர மினாராவைக் கல்லால் அடுக்கியிருக்கிறார்கள். உச்சியின் மூலைகளில் தீக்கோழி முட்டைகள். 1996ல் யுனெஸ்கோ இவ்வூரையும், வாதான், திஷீத், வலாத்தா ஆகிய ஊர்களையும் உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆனால் பழைய ஊரின் பல வீடுகளைக் காணோம். மணல் மூடிவிட்டது. சுவரின் தலை மட்டும் வெளியே தெரிகிறது.

மண்சுவர் வைத்த ஒரு சிறு தங்குமிடத்தில் பாய் விரித்து மூன்று இரவுகள் தங்கினேன். உணவு பாண், பேரீச்சம்பழம், டின் மீன். பணம் அங்கே எனக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. "ஸைலான் தேசத்து ஆலிம்" என்று அறிந்ததும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள்.

ஷின்கீத்தின் செல்வம் அதன் கிதாபுகள். குடும்பம் குடும்பமாகக் கையெழுத்துப் பிரதிகளைக் காத்து வருகிறார்கள். ஹபத் குடும்பத்தின் நூலகத்தில் மட்டும் 1,400 அளவில் இருக்கின்றன. தஃப்ஸீர், பிக்ஹு, இலக்கணம், வானியல், வைத்தியம் என்று எல்லாம் உண்டு. மான் தோலில் எழுதியவையும் உள்ளன. ஊரில் முன்பு முப்பது நூலகங்கள் அளவில் இருந்தனவாம். இன்று அதில் பாதிகூட இல்லை. 1968ல் தொடங்கிய கொடும் வறட்சியில் கால்நடைகள் செத்து, மக்கள் தலைநகருக்குப் போனார்கள். வீடு மூடப்பட்டது, கிதாபும் மணலோடும் கறையானோடும் போயிற்று.

ஒரு சிறிய நூலகத்தின் வயோதிபர், மரத்தாலான சாவியால் மரப் பூட்டைத் திறந்து என்னை உள்ளே அழைத்தார். எனக்காக வட்டார மொழியை விட்டுத் தூய அரபில் பேசினார். இந்நாட்டின் பாலைவன மத்ரஸாக்களை 'மஹ்ழரா' என்கிறார்கள். கூடாரம் போகுமிடமெல்லாம் மத்ரஸாவும் போகும். மரப்பலகையில் கரி மையால் எழுதி, மனனமிட்டு, கழுவி, மீண்டும் எழுதுவார்கள். 2023ல் யுனெஸ்கோ இதனையும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தனக்கு அலிஃப், பா கற்றுத் தந்தது தன் தாய்தான் என்றார் பெரியவர். பின்னர் ஒரு கிதாபைக் காட்டி, "வறட்சியில் எல்லோரும் போன போது, என் தாய் இதற்காகவே போக மறுத்தார்" என்றார். அதன் பிறகு, "உங்கள் ஊரில் உங்கள் முன்னோரின் கிதாபுகள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டார்.

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

2003ல், நான் ஓதி முடித்து வந்த புதிதில், எங்கள் மூத்தம்மாவின் பழைய வீட்டை உடைத்துக் கட்டினோம். அவரது பெட்டகத்தில் ஒரு கட்டுத் தாள்கள் இருந்தன. அரபெழுத்தில் எழுதப்பட்ட தமிழ். அதாவது அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியார்கள் எழுதி, நம் வீட்டுப் பெண்கள் ஓதியும் பாடியும் மார்க்கம் படித்த மொழி அது. மூத்தம்மா அந்தக் கட்டை மடியில் வைத்து ராகமிட்டுப் படிப்பதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். சில பக்கங்கள் அவருடைய உம்மாவின் கையெழுத்து என்றும் சொல்வார். ஆனால் அன்று நான் பட்டம் பெற்ற புது மௌலவி! "பழைய காலத்துப் பாட்டு, இனி யாருக்கு வேண்டும்?" என்று நினைத்தேன். அரபெழுத்தைக் கண்ட இடத்தில் போடக் கூடாதென்று வெள்ளைத் துணியில் சுற்றி, தோணியில் கொண்டுபோய்க் கடலில் விட்டேன். மூத்தம்மா அப்போது ஹயாத்தோடு இருந்தார். ஒன்றும் பேசவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

ஷின்கீத்தில் ஒரு பெண் மணலோடு போராடிக் கிதாபைக் காத்தார். இங்கே எந்த வறட்சியும் இல்லாமல், எந்த மணலும் இல்லாமல், படித்த ஒருவனின் கையாலேயே அது அழிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கணக்கை ஒப்படைத்தேன். விமானச் சீட்டுத்தான் பெரிய செலவு. உள்ளே செலவானது நான் பயந்ததைவிடக் குறைவு. கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. கணக்கைக் கேட்டு முடித்தவர், பெரியவரின் கேள்வியையும் கேட்டார். மறுநாள் தன் உம்மாவின் வீட்டுக்குப் போய், அலுமாரியின் அடியில் கிடந்த ஒரு துணிக்கட்டைக் கொண்டு வந்தார். முன்பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் நாற்பது தாள்கள் அளவில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் இருவரும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம். என்னைவிட என் மாமியார்தான் நன்றாக வாசிக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் மஹ்ரமான ஒருவரோடு அப்படியொரு நாட்டுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கும் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, உங்கள் உம்மம்மாவின் பெட்டகம் வரை போய் வாருங்கள். றமழான் வரும்போது வீட்டைக் கழுவித் துப்புரவாக்குவது நமது வழக்கம். பழைய தாள்கள் வெளியே போவதும் அப்போதுதான். இம்முறை அரபெழுத்தில் ஏதாவது கிடைத்தால், புதைக்கவோ கடலில் விடவோ அவசரப்படாதீர்கள். ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள். ஈரம் படாமல் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாத உயரத்தில் வையுங்கள். பிள்ளையின் கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். தேசிய சுவடிகள் காப்பகத்திலோ, பல்கலைக்கழக அரபு, தமிழ்த் துறையிலோ விசாரியுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவர் உங்கள் தெருவில் இன்னும் ஹயாத்தோடு இருந்தால், அவரிடம் முதலில் போங்கள்.

அவர் வாசலில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை நம் வீடுகளில் இனி வர வேண்டாம். வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக.