லைப்ரரியை அப்டேட் பண்ணியாச்சு, டிசி எங்கே போச்சு?

இந்த எபிசோடில் ஓஆர்எம் அப்கிரேட் பற்றிப் பேசப் போறோம். எடுத்துக்காட்டு, பைதான்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச எஸ்கியூஎல்ஆல்கெமி. மைக் பேயர் உருவாக்கி 2006-ல் வெளியிட்ட லைப்ரரி இது. 2023 ஜனவரியில் 2.0 வந்தது. 1.4-ல் இருந்து அதுக்குத் தாவும்போது என்ன உடையும் என்பதை விட, எது உடைஞ்சும் சத்தம் போடாது என்பதுதான் நம்ம கேள்வி.

இதைத் திருப்பூரை வச்சே பேசலாம். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் இங்கே பெரும்பாலும் ஒரே கூரைக்குள்ள முடியாது. நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகணும். துணி சாயப்பட்டறைக்கு, அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான், அதாவது டிசி. எத்தனை கிலோ போச்சு, எத்தனை கிலோ வந்துச்சு, பிராசஸ் லாஸ் எவ்வளவு, இதைப் பார்த்துத்தான் ஜாப் ஒர்க் பில் பாஸ் ஆகும். ஜிஎஸ்டி சட்டம் 143-ஆவது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும். வரலைன்னா, அனுப்பின அன்னைக்கே வித்த மாதிரிக் கணக்கு. அதனால ஒரு டிசி பதிவு காணாமப் போனா, அது யாரோ ஒருத்தரோட பணம்.

இப்போ ஒரு அமைப்பைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஹெட் ஆபீஸில் போஸ்ட்கிரஸ். நெட் போனாலும் ஓடணும்னு யூனிட் கம்ப்யூட்டரில் எஸ்கியூலைட். பழைய அக்கவுண்ட்ஸ் டேட்டா எஸ்கியூஎல் சர்வரில். மூணுக்கும் பொதுவா ஒரே பைதான் கோடு.

மொழி ஒண்ணு, வழக்கு மூணு

ஓஆர்எம்-மில் நாம டேபிளை கிளாஸா, வரிசையை ஆப்ஜெக்டா எழுதுறோம். அதை அந்தந்த டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்கியூஎல்லா மாத்துற அடாப்டருக்கு இங்கே பேர் ‘டயலெக்ட்’. வட்டார வழக்குன்னே வச்சுக்கலாம். அதுக்குக் கீழே, டேட்டாபேஸோடு நேரடியாப் பேசுற டிரைவர் தனி. ஆக, லைப்ரரி, டயலெக்ட், டிரைவர், டேட்டாபேஸ் என்று நாலு அடுக்கு. லைப்ரரி வெர்ஷன் எண் மட்டும் மாறுற மாதிரி தெரிஞ்சாலும், மற்ற மூணோடும் அதன் உறவு மாறுது.

சத்தமில்லாத மாற்றம்

சில விஷயங்கள் 2.0-ல் உடனே எரர் தரும். என்ஜின் மேலேயே நேரா எக்ஸிக்யூட் கூப்பிடுறது நீக்கப்பட்டுவிட்டது. அது நல்லதுதான், எரர் வந்தா திருத்திடுவோம்.

பயப்பட வேண்டியது ஆட்டோ கமிட்டுக்கு. 1.x-ல் ஒரு கனெக்‌ஷன் திறந்து இன்சர்ட் அல்லது அப்டேட் ஓட்டினா, இது டேட்டாவை மாத்துற வரின்னு லைப்ரரியே கண்டுபிடிச்சு கமிட் பண்ணிடும். 2.0-ல் அந்த வசதி கிடையாது. நீங்க கமிட் சொல்லலைன்னா, கனெக்‌ஷன் மூடும்போது எல்லாம் ரோல்பேக் ஆகிடும். எரர் வராது. 400 கிலோ நூலுக்கு டிசி பிரிண்ட் ஆகும், வண்டி கிளம்பும், டேட்டாபேஸில் அந்த வரிசை மட்டும் இருக்காது. கமிட்டை நேரடியாச் சொல்லுங்க, இல்லைன்னா பிளாக் முடிஞ்சதும் தானே கமிட் பண்ற ‘பிகின்’ முறைக்கு மாத்துங்க.

ஒரே கேள்வி, வேற வேற பதில்

0.1 + 0.2 = 0.3 சரியா என்று போஸ்ட்கிரஸைக் கேளுங்க, ஆமாம்னு சொல்லும். எஸ்கியூலைட் இல்லைன்னு சொல்லும். காரணம், அதுக்குத் துல்லியமான தசம வகையே கிடையாது. எல்லாம் ஃபுளோட். அனுப்பின எடை, வந்த எடையும் லாஸும் சேர்ந்ததுக்குச் சமமான்னு டேட்டாபேஸுக்குள்ளயே சரிபார்த்தா, யூனிட்டில் டேலி ஆகாது, ஆபீஸில் ஆகும். என் பரிந்துரை: எடையைக் கிராமில் முழு எண்ணா வையுங்க.

எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமா ஆஃப்பில் இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ஆன் பண்ணணும். இல்லைன்னா, இல்லாத பார்ட்டி பேரில் டிசி பதிவாகும். எழுத்து விஷயமும் அப்படித்தான். லாட் நம்பரில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் போஸ்ட்கிரஸுக்கு வேற வேற. எஸ்கியூஎல் சர்வரில் வழக்கமான அமைப்பில் ரெண்டும் ஒண்ணு.

இதெல்லாம் 2.0 கொண்டு வந்த பிரச்சினை இல்லை, முன்னாடியே இருக்கிறதுதான். ஆனா டெஸ்ட்டை எஸ்கியூலைட்டில் மட்டும் ஓட்டிட்டு “எல்லாம் பச்சை”ன்னு ரிலீஸ் பண்ற பழக்கம், அப்கிரேட் நேரத்தில்தான் கடிக்கும்.

எந்த வரிசையில் போகலாம்

முதல்ல உங்க டேட்டாபேஸுக்கு இடம் இருக்கான்னு பாருங்க. ஃபயர்பேர்ட், சைபேஸ் டயலெக்ட்கள் 2.0-ல் இருந்து எடுக்கப்பட்டுவிட்டன. ‘போஸ்ட்கிரஸ்’னு தொடங்கும் சுருக்கமான கனெக்‌ஷன் முகவரியை 1.4-லேயே நிறுத்திட்டாங்க. முழுப் பேர் கொடுக்கணும்.

ரெண்டாவது, 1.4-ன் கடைசி வெர்ஷனுக்கு வந்து நில்லுங்க. ‘வார்ன் 20’ என்று முடியும் என்விரான்மென்ட் வேரியபிளை 1-ஆக வச்சா, 2.0-ல் போகப்போற ஒவ்வொரு வரியையும், அந்த ஆட்டோ கமிட் இடங்கள் உட்பட, எச்சரிக்கையாக் காட்டும். அதைப் பூஜ்யமாக்குங்க. அடுத்து என்ஜினில் ‘ஃபியூச்சர்’ ஃபிளாக்கை ஆன் பண்ணா, 1.4-லேயே 2.0 நடத்தை கிடைக்கும்.

மூணாவது, ஒரே டெஸ்ட்டை மூணு டேட்டாபேஸிலும் ஓட்டுங்க. எழுதின பிறகு அந்த கனெக்‌ஷனை மூடி, புதுசா ஒண்ணு திறந்து படிச்சுப் பாருங்க. கமிட் ஆகாத டிசி அங்கே மாட்டும்.

டிரைவர் அப்டேட்டை இதோடு சேர்க்காதீங்க. போஸ்ட்கிரஸுக்கான சைக்கோபிஜி 3-ஐ 2.0 ஆதரிக்குது. ஆனா அதைத் தனியா, வேற வாரத்தில் செய்யுங்க. ரெண்டையும் ஒரே நாளில் மாத்தினா, தப்பு எங்கேன்னு தேடவே நாள் போயிடும்.

ஷிப்மென்ட் வாரத்தில் இதில் எதையும் தொடாதீங்க. அடுத்த எபிசோடில் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் பற்றிப் பேசலாம்.