ஆஸ்ப்ரே விமானமும் நமது கடற்கரையும்

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. அன்று முதல் யுத்த யந்திரங்களைப் பற்றிய பேச்சு ராயபுரத்து வாசிகளுக்கு அயல் வீட்டுச் சமாசாரம் அன்று. எம்டன் என்ற சொல்லே நமது பாஷையில் வசவாகவும் மெச்சுரையாகவும் நிலைத்துவிட்டது.

இன்று நாம் எழுதப் புகுந்தது வேறொரு யந்திரத்தைக் குறித்து. அதற்கு அமெரிக்கர் இட்ட பெயர் ஆஸ்ப்ரே. இறக்கை நுனிகளிலுள்ள இரண்டு பெருஞ் சுழலிகளை மேல்நோக்கி நிறுத்தினால் ஹெலிகாப்டரைப் போல நின்ற இடத்திலிருந்தே எழும்பும். முன்னே சாய்த்தால் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 24 போர்வீரரைச் சுமக்கும். 2021 அக்டோபரில் மலபார் கூட்டுப் பயிற்சிக்காக வங்காள விரிகுடாவுக்கு வந்த கார்ல் வின்சன் என்ற விமானந்தாங்கிக் கப்பல், சரக்கேற்றும் ஆஸ்ப்ரேக்களைத் தன் பயணத்தில் கொண்டிருந்தது. 2022 ஆகஸ்டு 7-ந் தேதி, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தளத்துக்கு சார்லஸ் டிரூ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. இந்தியாவில் அத்தகைய வேலை நடந்தது அதுவே முதன்முறை. கப்பல் வந்த வழியில் விமானமும் வரக்கூடும்.

வக்கீல் தொழிலில் பழகிய நாம் விளம்பரத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லுவதில்லை. சாட்சிகளை விசாரிப்போம்.

2011 மார்ச்சில் லிபியாவில் அமெரிக்கப் போர் விமானம் ஒன்று விழுந்தது. கடலில் நின்ற கப்பலிலிருந்து புறப்பட்ட ஆஸ்ப்ரே, அதன் விமானியை அன்றிரவே மீட்டுக் கொணர்ந்தது. சாதாரண ஹெலிகாப்டருக்கு அத்தனை வேகம் ஏது? இது யந்திரத்தின் பக்கம் வலுவான சாட்சி.

இனி எதிர்ச் சாட்சி. 2013 டிசம்பர் 21-ந் தேதி தென் சூடானில் சிக்கிய அமெரிக்கரை மீட்க மூன்று ஆஸ்ப்ரேக்கள் சென்றன. ஊரின் பெயரே போர். தமிழனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இறங்க நெருங்கிய தருணத்தில் தரையிலிருந்து சுட்டார்கள். நால்வர் காயமுற்றனர். துளைபட்ட யந்திரங்கள் உகாண்டாவின் என்டெபி வரை பறந்து சேர்ந்தது உறுதிக்கு அத்தாட்சிதான். ஆனால் காரியம் கைகூடவில்லை. மறுநாள் அம்மக்களை வெளியேற்றியவை ஐக்கிய நாடுகள் சபையின் ஹெலிகாப்டர்களும் சிவில் ஹெலிகாப்டர்களுமே!

வேகம் ஆகாயத்தில் பயன்படும். இறங்கும் வேளையில் எல்லா யந்திரமும் மெதுவாகத்தான் நிற்கவேண்டும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியக் காலாட்படைச் சிறு பிரிவு ஏறக்குறைய முழுவதும் மாண்ட கதை தமிழருக்குப் புதிதன்று.

ஈராக்குக்கு ஆஸ்ப்ரே முதன்முதல் சென்றது 2007-ல். அங்கே பகைவரின் தாக்குதல் குறைவு. சுமை தூக்கும் வேலையே மிகுதி. அப்படியிருந்தும், நூற்றுக்கு 82 வீதம் தயார் நிலையில் இருக்கவேண்டிய விமானங்கள் 57 முதல் 68 வரையே இருந்தன என்று அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2009-ல் எழுதிற்று.

உயிர்க்கணக்கோ இன்னும் கொடிது. 1992-ல் எழுவர், 2000 ஏப்ரலில் 19 பேர், அதே வருஷம் டிசம்பரில் நால்வர் என்று, யுத்தத்தைக் காணுமுன்பே 30 பேர் மடிந்தனர். 2010-ல் ஆப்கானிஸ்தானத்தில் நால்வர். 2023 நவம்பர் 29-ந் தேதி ஜப்பானின் யாகுஷிமாத் தீவருகே எண்மர். பற்சக்கரம் ஒன்று வெடித்துப் பிளந்ததும், எச்சரிக்கைகள் வந்த பின்னும் பறப்பை நீட்டியதும் காரணங்கள் என்று விசாரணை கண்டது. பிறகு மூன்று மாதம் அவ்வகை விமானங்கள் யாவும் தரையில் நின்றன.

சமாதான காலத்தில் உதவுமே என்பாருண்டு. 2015-ல் நேபாளப் பூகம்பத்துக்குப் பின் நான்கு ஆஸ்ப்ரேக்கள் அங்கே சென்றன, நிவாரணமும் சேர்த்தன. ஆனால் அவற்றின் காற்று வீச்சு சில வீட்டுக் கூரைகளைப் பெயர்த்ததாகச் செய்தியும் வந்தது. திருவொற்றியூர்க் கரையில் எத்தனை கூரைகள் தகரமும் ஓலையுமாய் இருக்கின்றன என்பதைக் கடலரிப்பைப் பார்க்க வரும் அதிகாரிகள் அறிவார்கள்.

வாங்குவதானாலும், அயலார் இறங்க இடங்கொடுப்பதானாலும், இக்கணக்குகளைப் பார்லிமெண்டில் முழுதும் வைக்கவேண்டும். தமிழிலும் அச்சிட்டுக் கடலோரக் கிராமங்களுக்குக் கொடுக்கவேண்டும். யாகுஷிமாவில் விமானம் விழுந்த அன்று, காவற் கப்பல்களோடு அத்தீவின் மீன்பிடிப் படகுகளும் தேடச் சென்றன. இங்கே அப்படி நேர்ந்தால் போகப் போகிறவர்கள் காசிமேட்டாரும் எண்ணூர்க் குப்பத்தாருமே. அவர்களைக் கேட்டீர்களா என்பதே சர்க்காருக்கு நமது முதற் கேள்வி.