தொட்டிப் பனையைப் பிரிக்கும்போது

திட்டக்குடி நேயர்களே, வாசலில் நிற்கும் அரிக்கா பாம் தொட்டி கொள்ளாமல் நெருக்குகிறதா? வெப்ப நாடான மடகாஸ்கரிலிருந்து வந்த செடிதான். ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் தொடாதீர்கள், ஆடி பிறக்கட்டும். முதல் நாளே தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு தண்டு சேர்ந்த கொத்தாக வேரோடு பிரியுங்கள். நடுக்குருத்து ஒடிந்தால் அந்தத் தண்டு பிழைக்காது. பழைய ஆழத்திலேயே நடுங்கள். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் நமக்குப் பக்கம்தானே! பீங்கான் தொட்டி என்றால் அடியில் துளை கட்டாயம். மெருகு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடாது, மண்தொட்டியைவிடக் குறைவாக ஊற்றினால் போதும். நிழலில் வையுங்கள். மட்டை பழுத்தால் பதறி உரம் போடாதீர்கள். முதலில் தண்டின் அடியிலிருந்து புதுவேர் இறங்க வேண்டும். பாதி பழுத்த மட்டையையும் வெட்டாதீர்கள். அதிலிருக்கும் சாம்பல் சத்தை இளங்குருத்து எடுத்துக்கொள்கிறது.