காறையை எடுத்தால் பல் ஆடுமா?

ஸ்கேலிங் பற்றிய பயத்தில் பலர் இழப்பது பற்களையே.

'க்ளீன் பண்ணினால் பல்லில் இடைவெளி விழும், எனாமல் தேயும், பல் ஆட ஆரம்பிக்கும்.' டெல்லியோ மும்பையோ, பல் டாக்டர்கள் அன்றாடம் கேட்கும் புகார் இது. இப்படிப் பயந்து தள்ளிப்போடுபவர்களில் பலர், கடைசியில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத்தான் வருகிறார்கள்.

உண்மையில் பல்லை ஆட்டுவது காறைக்குப் பின்னால் இருக்கும் ஈறு நோய். பல்லில் படியும் கிருமிப் படலத்தை அன்றே துலக்கி எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து ஒரு சில நாட்களிலேயே இறுக ஆரம்பிக்கும். காறையாகிவிட்ட பின் எந்த பிரஷ்ஷுக்கும் அது அசையாது. அதன் சொரசொரப்பில் மேலும் கிருமிகள் சேர, ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகி, உள்ளே பை போன்ற பள்ளம் உருவாகிறது. பிறகு பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் வலியே இருக்காது என்பதுதான் ஆபத்து.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள். பல் துலக்கும் பழக்கமோ சிகிச்சையோ இல்லாத 480 ஆண்களை, 1970 முதல் 15 ஆண்டுகள் ஹரால்ட் லோ குழுவினர் ஆராய்ந்தனர். எல்லோருக்கும் காறை, எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்குப் பரவவே இல்லை. தாம் எந்த ரகம் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

ஆரோக்கியமான ஈறின் இடுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. மெல்லிய கம்பியால் டாக்டர் அளக்கும்போது அதைத் தாண்டி, அடியில் காறையும் இருந்தால் சாதாரண ஸ்கேலிங் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிரும் கருவியாலும் கைக்கருவிகளாலும் வேர் வரை சுரண்டி எடுக்கிறார்கள். காறை அதிகம் என்றால் இரண்டு, மூன்று முறை போக வேண்டியிருக்கும்.

இடைவெளி? காறை அடைத்திருந்த இடமும், வீக்கம் வடிந்த ஈறும்தான் அப்படித் தெரிகின்றன. கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். எனாமலைக் கருவி தேய்த்துவிடுவதில்லை, முறையாகச் செய்தால்.

சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் கசிவது குறைவு என்பதால், நோய் வெளியே தெரிவதில்லை.

சுத்தம் செய்த பல்லிலும் படலம் மறுபடி படியும். இருவேளை துலக்குவதும், டாக்டர் சொன்ன இடைவெளியில் திரும்பிப் போவதும்தான் பல்லைக் காப்பாற்றும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம்.